அரசன் கையில் வாள் எதற்கு?

1561 நவம்பர் தொடக்கத்தில் ஓர் இரவு, இன்றைய பெல்ஜியத்திலுள்ள டூர்னே கோட்டை மதிலுக்குள் ஒரு பொட்டலம் வந்து விழுந்தது. உள்ளே புராட்டஸ்டண்டுகளின் விசுவாச அறிக்கை. கூடவே ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்கு, தாங்கள் கலகக்காரர் அல்ல என்று மன்றாடும் கடிதம். அறிக்கையை எழுதியவர் கீடோ தெ பிரே என்ற போதகர்.

வேடிக்கை என்னவென்றால், கடவுள் அரசன் கையில் வாளைத் தந்தது பொய் வழிபாட்டை ஒழிக்கவுந்தான் என்றது அதன் 36-வது பிரிவு. பிலிப்பும் அதைத்தானே செய்து வந்தார்! அவருக்கு இவர்கள் வழிபாடே பொய். 1567-ல் தெ பிரே தூக்கிலிடப்பட்டார்.

பிற்காலத்தில் ஹாலந்தின் பிரதமராகவும் இருந்த வேதசாஸ்திரி ஆபிரகாம் கைப்பர் இந்த வாசகத்தை எதிர்த்தார். எது மெய்ச்சபை என்று தீர்ப்புச் சொல்ல அரசாங்கத்துக்குத் தகுதி ஏது என்பது அவர் வாதம். 1905-ல் யூட்ரெக்டில் கூடிய அவரது சபையின் மாமன்றம் அந்த வரிகளை நீக்கியது. நீக்காமல் வைத்திருக்கும் சபைகள் இன்றும் உண்டு.