குத்து வாங்குபவர் ஒருவர் – பங்கு வாங்குபவர் ஒருவர்!

கீழ்பென்னாத்தூரில், செஞ்சி சாலையோரத் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். மல்லாட்டை மூட்டைகளை மண்டியில் இறக்கிவிட்டு வந்த தோழர்கள் சிலர் உடனிருந்தனர். பேச்சு, 2021ல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' படத்திலே தொடங்கிற்று. துறைமுகக் கூலியாள் ஒருவன் வடசென்னையின் குத்துச்சண்டைக் கோதாவில் இறங்கும் கதை. அங்கே பயிற்சி தருபவரை 'வாத்தியார்' என்பார்கள். படம் பார்த்த தோழர் கேட்டார்: "வெள்ளைக்காரன் ஊரிலேயும் வாத்தியார் உண்டுங்களா?"

உண்டு, தோழரே! அவருக்கும் மேலே மானேஜர் என்று ஒருவர் உண்டு. யாரோடு சண்டை, எந்த ஊரில், என்ன தொகைக்கு என்று பேசி முடிப்பவர் அவர். கிடைக்கும் பணத்தில் நாலில் ஒரு பங்குவரை அவருக்கு. வாங்கும் குத்தில் பங்கு உண்டா? அது மட்டும் இல்லை!

வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர் டாமி ஃபார். 1937 ஆகஸ்டில், நியூயார்க் நகரில், உலகமே அஞ்சிய ஜோ லூயிசின் எதிரே 15 சுற்றும் விழாமல் நின்றார். புள்ளியிலேதான் தோற்றார். ஊரே கொண்டாடிற்று. பிறகு? சேர்த்த பணம் கரைந்தது. 1950ல், நாற்பதை நெருங்கும் வயதில், மறுபடியும் கையுறை மாட்டிக்கொண்டு கோதா ஏறினார் – ஆசைக்காக அல்ல, அடுப்பெரிய!

டான்காஸ்டர் ரயில்வே பட்டறைத் தொழிலாளி புரூஸ் உட்காக். 1947ல் லண்டனில், முதல் சுற்றிலேயே விழுந்தார், தாடை உடைந்தது. சண்டை நின்றது எப்போது? ஏழாவது சுற்றில்! உடைந்த தாடையோடு அத்தனை சுற்று! அவரை அடித்த அமெரிக்கர் ஜோ பக்ஸி யார்? அவரும் சுரங்கத் தொழிலாளியே! உழைப்பாளி உழைப்பாளியை அடித்தான். சீட்டு விற்ற காசு வேறு பெட்டிக்குப் போயிற்று.

எல்லா மானேஜரும் அப்படியா? அல்ல, நியாயத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஹென்றி கூப்பரின் மானேஜர் ஜிம் விக்ஸ். கூப்பர் சுவர் பூசும் கொத்தனார் வேலை பார்த்தவர். இடது கை இடி. ஆனால் புருவத் தோல் சீக்கிரம் கிழிந்துவிடும். சன்னி லிஸ்டன் என்ற முரட்டு வீரரோடு மோதினால் பணம் கொட்டும் என்ற நிலையிலும், வேண்டாம் என்று மறுத்துவிட்டார் விக்ஸ். தம் பங்கையும் சேர்த்துத்தானே அவர் வேண்டாம் என்றார்! அந்த மறுப்பை நாம் மதிக்கிறோம்.

1963 ஜூன் 18. வெம்பிளி. எதிரே காசியஸ் கிளே – பின்னாளில் முகமது அலியாகி, 1980ல் சென்னைக்கே வந்து கையுறை மாட்டிக் காட்டினாரே, அவர்தான். நாலாம் சுற்றின் கடைசியில் கூப்பரின் இடது கை பாய்ந்தது, கிளே விழுந்தார்! மணி அடித்தது, பிழைத்தார். கிளேயின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ, கையுறை கிழிந்திருப்பதாக நடுவரிடம் காட்டினார். இருந்த கிழிசலை விரலால் பெரிதாக்கியதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். சாமர்த்தியம் என்பதா, சூது என்பதா? மயங்கியவர் மூச்சு வாங்க நேரம் கிடைத்தது. ஐந்தாம் சுற்றில் கூப்பரின் கண்ணருகே ரத்தம் கொட்டிற்று, சண்டை நிறுத்தப்பட்டது. 1966ல் மீண்டும் மோதினார். மீண்டும் அதே புருவம், அதே ரத்தம், ஆறாம் சுற்றில் முடிவு.

1971ல் ஜோ பக்னரிடம் கால் புள்ளியில் தோற்று ஓய்வு பெற்றார் கூப்பர். கால் புள்ளி! அந்தத் தீர்ப்பை இன்றும் ஏற்காதோர் அங்கே உண்டு. பிரிட்டிஷ் சாம்பியனுக்குத் தரும் லான்ஸ்டேல் பட்டைகளில் மூன்றை நிரந்தரமாக வென்ற முதல் வீரர் அவர். ஆனால் லாயிட்ஸ் இன்சூரன்ஸ் முதலீட்டில் நட்டம் வந்தது. 1993ல் மூன்று பட்டைகளும் ஏலத்துக்கு வந்தன. 42,000 பவுனுக்குப் போயின.

மண்டியிலிருந்து வந்த தோழர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"ஏலத்துக்குக் கமிஷன் எவ்வளவு பிடிச்சாங்க?" என்றார்.