முறுக்கினா திக்குதா? கார்புரேட்டரில் எங்கே தேடுவது

கோன் ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் ரெண்டும் மாட்டியாச்சு. சத்தம் பிரமாதம் (பக்கத்து வீட்டுல வேற மாதிரி சொல்வாங்க), ஆனா முறுக்கினா வண்டி திக்குது. காற்று கூடிவிட்டது, பெட்ரோல் பழைய அளவுதான். உடனே பலரும் ட்யூனிங் ஸ்க்ரூவைத் திருகுவார்கள். அதன் வேலை கால்வாசி த்ராட்டிலோடு முடிந்துவிடும். அதற்கு மேல் முக்கால்வரை நீடில், பிறகு மெயின் ஜெட்.

ஆளில்லாத ரோட்டில் முழு த்ராட்டிலில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அப்படியே இன்ஜினை அணைத்து, ப்ளக்கைக் கழற்றிப் பாருங்க. பீங்கான் காப்பி நிறமென்றால் சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளைவெளேர்னு இருந்தா போதவில்லை. மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றணும். ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக்கில் இதைத் தள்ளிப்போடாதீங்க: சூட்டில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்தால், ஓட்டத்திலேயே பின்சக்கரம் லாக் ஆகும்.