ஈரடிப்பு எஞ்சினில் வாயிற் பொருத்தம்

பதுளை பஸ் நிலையத்தருகே சிறிது நேரம் நின்று, பசறை வீதியாலும் ஹாலி-எல வீதியாலும் வந்து சேரும் முச்சக்கர வண்டிகளின் ஒலியைச் செவிமடுப்போர், அவற்றுள் இருவகை உண்டென்பதைக் கண்ணால் நோக்காமலே அறிந்துகொள்வர். ஒன்று, சீராக உறுமி ஏறும் நான்கடிப்பு எஞ்சின் வண்டி. மற்றையது, படபடவென வெடித்து நீலப் புகையைப் பின்னே விட்டு வரும் ஈரடிப்பு எஞ்சின் வண்டி. பட்டறைகளில் டூ-ஸ்ட்ரோக் என்று வழங்குவது. 2008ஆம் ஆண்டுத் தொடக்கத்துடன் இவ்விரண்டாம் வகையின் புதிய வரவு நாட்டில் நிறுத்தப்பட்டது. காற்றின் தூய்மை கருதிச் செய்த அந்த முடிவைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆயினும் அதற்கு முன் வந்தவற்றுள் எஞ்சியவை மலைநாட்டில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. பஸ் செல்லாத தோட்டப் பாதைகளில், நள்ளிரவிற் பிரசவ வேதனை கண்ட பெண்ணொருத்தியை லயத்திலிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல, சில வேளைகளில் அத்தகைய பழைய வண்டியொன்றே கைவசம் இருக்கும். அது இடைவழியில் நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

“மேட்டுல இழுக்க மாட்டேங்குது பாஸ்” என்று சாரதி வந்து முறையிடும்போது, பட்டறையிற் பலரும் முதலிற் பார்ப்பது காபரேற்றரையும் பிளக்கையுமே. அவை செம்மையாக இருந்தும் இழுவை குறைந்திருப்பின், சிலிண்டரும் கிராங்க் கேஸும் ஒன்றோடொன்று சேரும் ஒட்டுவாயைப் பார்த்தல் வேண்டும். அவ்விடத்து வாயில்களை ஒன்றுக்கொன்று இசையச் செய்யும் வேலையையே இங்கு வாயிற் பொருத்தம் என்கிறோம். எமது கல்லூரியின் பழைய மாணவருட் பட்டறை நடத்துவோரும் உளர். இன்றைய மாணவருள் அத்தொழிலை நாடுவோரும் உளர். இருசாராருக்கும் பயன்படுமென எண்ணி இதனை விரித்துரைக்கின்றோம்.

நான்கடிப்பு எஞ்சினில் வால்வுகள் திறந்து மூடிக் காற்றையும் புகையையும் நெறிப்படுத்துகின்றன. சாதாரண ஈரடிப்பு எஞ்சினில் சிலிண்டர்த் தலையில் வால்வு இல்லை. சிலிண்டரின் சுவரில் வாயில்கள் உள்ளன. பிஸ்டன் மேலும் கீழும் செல்கையில் அவற்றைத் தானே மூடித் திறக்கின்றது. பிஸ்டன் மேலே எழும்போது அதன் கீழுள்ள கிராங்க் கேஸில் வெறுமை உண்டாகி, பெற்றோலும் எண்ணெயும் கலந்த காற்று உள்ளே இழுக்கப்படுகின்றது. பிஸ்டன் இறங்கும்போது அக்கலவை அமுக்கப்படுகின்றது. இறக்கத்தின் கடைப்பகுதியில் முதலிற் புகைவாயில் திறந்து எரிந்த புகை வெளியேற, அதனையடுத்துக் கடத்துவழிகள் திறக்கின்றன. கீழே அமுங்கியிருந்த புதுக்கலவை அவற்றினூடாக மேலேறிச் சிலிண்டரை நிரப்புகின்றது. இங்கிலாந்தின் பாத் நகரில் யோசப் டே என்பார் 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்வமைப்பை உருவாக்கினார். அவரிடம் வேலை பார்த்த பிரெடரிக் கொக் என்பாரே பிஸ்டனின் அடிவிளிம்பைக் கொண்டு உள்வாயிலையும் மூடித் திறக்கும் வழியைக் கண்டவர். முதலாளியின் பெயர் நிலைத்த அளவுக்குத் தொழிலாளியின் பெயர் நிலைக்கவில்லை.

மேலேறும் கலவைக்குக் கிடைக்கும் காலம் எவ்வளவு சிறிது என்பதை ஒரு கணக்கினாற் காட்டலாம். மேட்டில் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஒரு செக்கனின் ஆயிரத்தில் 15 பங்கு. கடத்துவழிகள் திறந்திருப்பது அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. அதாவது ஆயிரத்தில் ஐந்து பங்கு. பஜாஜ் முச்சக்கர வண்டியின் ஈரடிப்பு எஞ்சினில் சிலிண்டரின் விட்டமும் பிஸ்டனின் ஓட்டமும் தலைக்கு 57 மில்லிமீற்றர், கொள்ளளவு 145.45 கன சென்ரிமீற்றர். கண்ணிமைக்கும் நேரத்திற் பலமுறை இந்த வெளி நிரம்பியாக வேண்டும். கலவையைத் தள்ளும் அமுக்கமோ வளிமண்டல அமுக்கத்தினும் சற்றே கூடியது. ஆகவே வழியில் எங்கேனும் ஒரு படி நீட்டிக்கொண்டிருந்தால் அது பெருந்தடையாகும்.

அந்தப் படி தோன்றும் இடம் ஒட்டுவாயே. கடத்துவழியின் கீழ்ப்பாதி கிராங்க் கேஸில் வார்க்கப்பட்டது, மேற்பாதி சிலிண்டரில் வார்க்கப்பட்டது, நடுவே கேஸ்கட். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்க்கும்போது இரு பாதிகளும் மயிரிழை பிசகாது பொருந்துமென எதிர்பார்ப்பதற்கில்லை. எமது மலைப்பகுதியில் இன்னொரு காரணமும் சேர்கின்றது. இன்று ஓடும் பழைய வண்டிகளுட் பல கலப்பு உடம்பின. ஒரு வண்டியின் கேஸில் இன்னொன்றின் சிலிண்டர் ஏறியிருக்கும், அல்லது வேறொரு கம்பனியார் செய்த மாற்றுச் சிலிண்டர் ஏறியிருக்கும். கேஸ்கட் கிடைக்காதபோது தாளை வைத்து விளிம்பிற் சுத்தியலாற் தட்டி வெட்டிக்கொள்வதும் உண்டு. அவ்வாறு வெட்டிய தாள் இரண்டு மில்லிமீற்றர் உள்ளே நீட்டி நிற்பதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம்.

படியிலும் இருவகை உண்டு. தேயிலை மலையில் மழைநீர் ஓடும் கானை நினைத்துக்கொள்க. ஒடுங்கிய கானிலிருந்து அகன்ற கானுக்கு நீர் பாய்ந்தால், விளிம்பருகே சிறிது சுழித்துப் பின் தன் வழியே செல்லும். அகன்ற கானிலிருந்து வரும் நீரை எதிர்த்து ஒரு கல் நீட்டி நின்றாலோ, நீர் அதில் மோதிச் சிதறும். கலவை கேஸிலிருந்து சிலிண்டருக்கு மேலேறுவதால், சிலிண்டரின் விளிம்போ கேஸ்கட்டோ உள்ளே நீட்டி நிற்பது எதிர்த்து நிற்கும் கல்லுக்கு ஒப்பாகும். கேஸின் வாய் ஒடுங்கியிருப்பது முதல்வகை. தீமைதான், ஆனால் அத்துணைத் தீமையன்று. எனவே அரத்தைக் கையிலெடுக்குமுன் எது நீட்டி நிற்கின்றதென்று அறிதல் வேண்டும். கேஸ் நீட்டியிருந்தாற் கேஸை அராவுக. சிலிண்டர் நீட்டியிருந்தாற் சிலிண்டரை அராவுக. தாள் நீட்டியிருந்தால் தாளை வெட்டுக. மூன்றிற்கும் கேஸையே குடையும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அது அறியாமை.

இடம், வலம் ஆகிய இரு கடத்துவழிகளும் ஒத்திருத்தல் வேறொரு காரணத்தாலும் வேண்டப்படுவது. ஜேர்மானியரான அடோல்ப் சினூர்லே 1920களின் நடுவில் வகுத்த முறைப்படி, இருபுறமும் இருந்து வரும் கலவைத் தாரைகள் புகைவாயிலுக்கு எதிர்ச்சுவரை நோக்கிச் சாய்ந்து பாய்ந்து, ஒன்றோடொன்று கூடி, மேலெழுந்து வளைந்து, எரிந்த புகையை முன்தள்ளிக்கொண்டு வரும். தட்டையான தலையுள்ள பிஸ்டனைக் கொண்ட எஞ்சின்கள் யாவும் பெரும்பாலும் இம்முறையையே தழுவின. ஒரு தாரை வலிதாகவும் மற்றையது மெலிதாகவும் இருந்தால் அவை நடுவிற் சந்திப்பதில்லை. வளையம் ஒருபுறம் சரிந்து, புதுக்கலவையின் ஒரு பகுதி எரியாமலே புகைவாயிலால் வெளியேறிவிடும். சாரதிக்கு இழுவை குறையும், பெற்றோற் செலவு ஏறும், பின்வருவோருக்குப் புகை கூடும். ஒருபுறத்தை மட்டும் அழகாகப் பொருத்திவிட்டு மறுபுறத்தை மறப்பது, இரண்டையும் தொடாமல் விடுவதினும் கேடு.

இனி வேலை முறை. கேஸை முழுவதும் பிரித்து, கிராங்கையும் பெயாரிங்குகளையும் கழற்றி வைத்தல் தலையாயது. கழற்றாமற் துணியை அடைத்துவிட்டுச் செய்வோரும் உளர். அலுமினியத் தூளில் ஒரு சிட்டிகை பெரிய முனைப் பெயாரிங்கிற் சென்றாலும் போதும், செய்த வேலை முழுவதும் பாழ். ஒட்டுமுகங்களிலிருந்து பழைய கேஸ்கட்டைச் சுரண்டி மண்ணெண்ணெயாற் துடைத்தபின், சிலிண்டரை வெறுமனே ஸ்ரட்டுகளில் இறக்கி அசைத்துப் பார்க்க வேண்டும். ஸ்ரட்டுக்கும் துளைக்கும் இடையே இடைவெளி இருப்பதனாற் சிலிண்டர் இப்புறமும் அப்புறமும் சிறிது நகரும். நடுநிலையைக் குறித்துக்கொள்ளாது கோடிட்டால், நாம் பொருத்துவது ஓரிடம், நாளை நட்டு இறுக்கும்போது சிலிண்டர் அமர்வது வேறிடம் என்றாகிவிடும்.

பின்பு புதிய கேஸ்கட்டைச் சிலிண்டரின் அடிமுகத்தில் வைத்து, வாயில்களின் விளிம்பளவுக்குக் கூரிய கத்தியால் வெட்டுக. அதுவே இனி அச்சுத்தாள். கேஸின் ஒட்டுமுகத்தில் நீலச் சாயமோ மார்க்கர் மையோ பூசி, உலர்ந்தபின் அத்தாளை ஸ்ரட்டுகளில் இறக்கி, ஊசிமுனையால் விளிம்பைக் கீறுக. தாளை நீக்கினால், கோட்டுக்கு உட்புறத்தே நீலமாக நிற்பதே எடுக்கவேண்டிய உலோகம். கைக்கிரைண்டரில் பூட்டிய சிறு அரமுனை இதற்கு ஏற்றது. பல்வைத்தியரின் கருவியை ஒத்தது. அலுமினியம் அரத்தின் பற்களில் அப்பிக்கொள்ளுமாதலால் அடிக்கடி மண்ணெண்ணெயிற் தோய்த்தெடுக்க வேண்டும். கோட்டை அழிக்காமற் கோடுவரை வந்து நிறுத்துக. வாயின் விளிம்பை மட்டும் வெட்டிவிட்டு ஓய்ந்தால் உள்ளே புதியதொரு படி உண்டாகும். ஆகையால் ஒன்றரை அல்லது இரண்டு சென்ரிமீற்றர் ஆழம் வரை மெல்லச் சரிவாக்கிப் பழைய சுவரோடு கலக்கச் செய்தல் வேண்டும். கடைசியாக நடுத்தர எமரித்தாள் கொண்டு தேய்த்தாற் போதுமானது. கண்ணாடிபோற் பளபளக்கச் செய்வது கண்ணுக்கு இனிமை. எஞ்சினுக்கு அதனால் வரும் நன்மை அரிது. பின் மண்ணெண்ணெயாலும், சவர்க்காரம் கலந்த சுடுநீராலும் கழுவிக் காற்றடித்து உலர்த்துக.

இங்கே எல்லையொன்று உண்டு. வாயிலைச் சுற்றிக் கேஸ்கட் அமர்வதற்குரிய தட்டையான உலோகம் போதிய அகலம் உடையதாக நிற்க வேண்டும். மூன்று மில்லிமீற்றருக்குக் குறையாதிருத்தல் நன்றென்பது எமது கருத்து. அதனினும் ஒடுங்கும் நிலை வருமாயின், படி சிறிது எஞ்சினாலும் எஞ்சட்டும் என்று விட்டுவிடுக.

இவ்வேலை வேறு, வாயிலை உயர்த்தும் வேலை வேறு. சிலிண்டர்ச் சுவரில் வாயிலின் மேல்விளிம்பை அராவி உயர்த்தினால் அது திறந்து மூடும் நேரமே மாறிவிடும். வேகமான சுற்றிற் பலம் கூடி, மெதுவான சுற்றில் இழுவை குறையும். கிழக்கு ஜேர்மனியின் எம்.இஸட். தொழிற்சாலையில் வால்டர் காடன் என்னும் பொறியியலாளர் 1961இல் 125 கன சென்ரிமீற்றர் எஞ்சினிலிருந்து 25 குதிரைவலு பெற்றார். லீற்றருக்கு 200 குதிரைவலு என்ற கணக்கு. அதே ஆண்டில் அவருடைய ஓட்டவீரர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குலகுக்குத் தப்பிச்சென்று, பின் யப்பானின் சுசுக்கி கம்பனியிற் சேர்ந்ததோடு அவ்வித்தையும் உலகெங்கும் பரவிற்று. வியத்தற்குரிய சாதனைதான். ஆனால் அவ்வெஞ்சின் பலம் காட்டியது பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுக்களிலே. நான்கு பேரையும் அரிசி மூட்டையையும் சுமந்து தம்பேதன்னைக்கு ஏறும் வண்டிக்கு வேண்டியது அதுவன்று. ஒட்டுவாயைப் பொருத்துவதால் வாயிலின் நேரம் மாறுவதில்லை. கேஸின் உட்கொள்ளளவு சில கன சென்ரிமீற்றர் கூடுவதும் பொருட்படுத்தத்தக்க தன்று. கேஸ்கட்டின் தடிப்பு மாறினால் மட்டும் சிலிண்டர் முழுவதும் உயர்ந்தோ தாழ்ந்தோ நேரம் மாறும். எனவே இரண்டு தாளை ஒன்றன்மேலொன்றாக வைத்து இறுக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

ஒட்டுமுகம் ஒடுங்கலாகாது என்று மேலே வற்புறுத்தியதன் காரணம் ஊவாவின் நிலஅமைப்பிலேயே உள்ளது. அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல். அங்குக் காற்றின் அடர்த்தி கரையோரத்தினும் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு குறைவு. காற்றுக் குறையவே கலவையிற் பெற்றோல் மிகுந்து எஞ்சின் மந்தமாகும். அதற்காகச் சிறிய ஜெட் பூட்டிக்கொள்வர். அதே வண்டி பெரகலை வழியாகவோ எல்ல வழியாகவோ வெல்லவாய நோக்கி இறங்குகையில், அடர்ந்த காற்றில் அதே ஜெட் போதாமற் போகும். நீண்ட இறக்கத்திற் சாரதி கியரில் விட்டுத் துரொட்டிலை மூடிவிடுவதாற் பெற்றோல் வரவு அற்றுப்போகும். ஈரடிப்பு எஞ்சினிற் பெற்றோலோடு கலந்து வருவதே பிஸ்டனுக்கு எண்ணெய். பெற்றோல் நின்றால் எண்ணெயும் நின்றது. இந்நிலையில் ஒட்டுவாயிலும் கசிவு இருந்து, பிஸ்டன் எழுந்தோறும் வெளிக்காற்றும் புகுமாயின், கலவை மேலும் மெலிந்து, வெப்பம் ஏறி, பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொள்ளும். பின்சக்கரங்கள் வளைவில் இறுகிப்போனாற் கீழே பள்ளம்.

ஆகவே பூட்டியபின் கசிவுப் பரிசோதனை செய்யாது வண்டியை வெளியே விடலாகாது. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. காபரேற்றர் வாயையும் புகைவாயையும் இறப்பர்த் துண்டு வைத்து அடைத்து, பிளக்கின் துளையிற் பழைய ரியூப் வால்வொன்றைப் பொருத்தி, பிஸ்டனைக் கீழே நிறுத்திச் சைக்கிள் பம்பினாற் காற்றேற்றுக. சதுர அங்குலத்துக்கு ஐந்து அல்லது ஆறு இறாத்தலுக்கு மேல் ஏற்றினாற் கிராங்கின் எண்ணெய்ச் சீல்கள் பெயரக்கூடும். காற்று ஐந்தாறு நிமிடம் இறங்காது நிற்க வேண்டும். இறங்கினால், ஒட்டுவாயைச் சுற்றிச் சவர்க்கார நீர் தடவிக் குமிழி எழும் இடத்தைக் காண்க. அங்கே குமிழி இல்லையெனிற் கிராங்கின் இருமுனைச் சீல்களையும் பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் மக்னெற்றுப் பக்கத்துச் சீலே பெரும்பாலும் முதலிற் கெடுவது.