அடுப்படிச் சுவரும் ஒரு நிலக்கரி வேகனும்

வீட்டில் யாரும் வெள்ளையடிக்கச் சொல்வதற்கு முன்னால், அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவரை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். தாளிக்கிற வாணலி எந்தப் பக்கம் இருக்குமோ அந்தப் பக்கத்தில் மட்டும் மஞ்சளோடிய எண்ணெய்ப் பிசுக்கு. கை எட்டும் உயரம்வரை துடைத்த தடம், அதற்கு மேலே துணி படாத பழுப்பு. குழாயடியில் உப்புத்தண்ணீர் வழிந்து காய்ந்த வெள்ளைக் கோடுகள். ஜன்னல் கம்பியில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து இறுகிய கறுப்பு. எந்தக் கறையும் சும்மா வந்து உட்காரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாணலி, ஒரு குழாய், ஒரு கை உண்டு.

மாடல் ரயில் இன்ஜின்களுக்கு அழுக்கேற்றும் கலையை, வெதரிங் என்று அதில் ஈடுபட்டவர்கள் சொல்வதை, நான் இந்தச் சுவரிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். எந்தக் கறைக்குக் காரணம் சொல்ல முடியாதோ அந்தக் கறையைப் பூசக் கூடாது. எனக்கு இருக்கும் ஒரே விதி இது. மற்றதெல்லாம் பதம்.

எடுத்துக்கொண்ட இன்ஜின் பிரிட்டிஷ் ரயில்வேயின் 9எஃப். 1954 முதல் 1960 வரை குரூ, சுவிண்டன் பணிமனைகளில் 251 இன்ஜின்கள் கட்டப்பட்டன. பத்து இயக்கு சக்கரங்களோடு கனமான சரக்கு ரயில்களை இழுக்க வந்தவை. அவற்றில் கடைசியாக வந்த 'ஈவினிங் ஸ்டார்' தான் பிரிட்டிஷ் ரயில்வே கட்டிய கடைசி நீராவி இன்ஜின். அதற்கு மட்டும் பச்சை வண்ணம் பூசி, புகைபோக்கிக்குச் செம்பு விளிம்பு வைத்து அனுப்பினார்கள். அதுகூட 1965இல் ஓய்வு பெற்றுவிட்டது. 1968 ஆகஸ்டில் பிரிட்டனின் முதன்மைப் பாதைகளில் வழக்கமான நீராவிச் சேவையே முடிந்துபோனது. இருபது, முப்பது வருடம் ஓட வேண்டிய இயந்திரங்களில் பல பத்து வருடம்கூட ஓடாமல் பழைய இரும்புக்குப் போயின. இந்தக் குறுகிய வாழ்வுதான் என்னை 9எஃப் பக்கம் இழுத்தது. கடைசி வருடங்களில் இன்ஜின் துடைக்க ஆள் கிடைக்கவில்லை. உடம்பெல்லாம் கரி மூடியிருக்க, இன்ஜினின் நம்பரை மட்டும் யாரோ ஒரு கந்தைத் துணியால் துடைத்துவிட்டிருப்பார்கள். அந்தக் காலப் புகைப்படங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அஞ்சறைப்பெட்டி முழுக்கப் பிசுக்காக இருந்தாலும் மூடியில் கை படும் இடம் மட்டும் பளிச்சென்று இருக்குமே, அதே கதை.

பெட்டியிலிருந்து எடுத்த புது மாடல் ஏன் பொம்மையாகத் தெரிகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஓஓ என்கிற பிரிட்டிஷ் ஸ்கேலில் உண்மையான இன்ஜின் 76 மடங்கு சுருங்குகிறது. 20 மீட்டர் நீளம் ஒரு சாணுக்குச் சற்று மேலே வந்து நிற்கிறது. அதை 60 செ.மீ. தள்ளி வைத்துப் பார்த்தால், உண்மையான இன்ஜினைச் சுமார் 45 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தொலைவில் கறுப்பு கறுப்பாகத் தெரியாது.  ஆனால் மாடலின் கறுப்பு மை போன்ற கறுப்பு, அதிலும் பளபளக்கும் கறுப்பு. அதனால் முதல் வேலை கறுப்பைக் குறைப்பது. மங்கல் வார்னிஷில் ஒரு சொட்டு பழுப்புச் சாம்பல் கலந்து காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷில் மிக மெல்லியதாக அடிப்பேன். வண்ணம் பால் பதத்தில் இருக்க வேண்டும். மோர்க்குழம்புப் பதமானால் ஊசியில் அடைக்கும்; நீர்மோர்ப் பதமானால் வழியும்.

இப்போது அழுக்கு. அது மூன்று வழிகளில் வருகிறது: வழிந்து, படிந்து, அரித்து. வழிவதில் ஆரம்பிக்கிறேன்.

வாஷ் என்பது ரசத்தின் தெளிவு போன்ற வண்ணம்: நிறைய கரைப்பான், கொஞ்சம் நிறம். மாடலின் மேல் தொட்டு வைத்தால் ரிவெட்டுகளைச் சுற்றியும் தகடுகள் சேரும் இடுக்கிலும் தானாக ஓடி நிற்கும். ஓடுமா, ஊறுமா என்பதை அடியில் இருக்கும் பரப்பு முடிவு செய்கிறது. பீங்கான் தட்டில் ரசம் சிந்தினால் ஓடி ஓரத்தில் சேரும். மண்சட்டியின் வெளிப்புறத்தில் சிந்தினால் விழுந்த இடத்திலேயே ஊறிக் கறையாகும். இடுக்குகளில் மட்டும் அழுக்கு வேண்டுமென்றால் வாஷுக்கு முன்னால் பளபளப்பான வார்னிஷ் அடிக்க வேண்டும். உடம்பு முழுக்க ஒரு மங்கல் வேண்டுமென்றால் மங்கல் வார்னிஷ். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் நான் வீணாக்கிய முதல் வேகன் இன்னும் அலமாரியில் இருக்கிறது. தட்டையான பக்கங்களில், டபராவை எடுத்த பிறகு மேஜையில் நிற்கும் காபி வட்டங்களைப் போல, வட்ட வட்டமாகக் கறை. டபரா வட்டத்துக்கும் அந்த வேகனுக்கும் காரணம் ஒன்றே. துளியின் ஓரம் முதலில் ஒட்டிக்கொண்டு சீக்கிரம் காய்கிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடுகிறது, போகும்போது நிறத்துகளையும் இழுத்துப்போய் அங்கே கொட்டுகிறது. மருந்து எளிது. காய்வதற்கு முன்னால் சுத்தமான கரைப்பானில் நனைத்த தூரிகையால் மேலிருந்து கீழாக ஓரத்தை இழுத்துவிட வேண்டும். மேலிருந்து கீழ், ஏனென்றால் மழை அப்படித்தான் பெய்கிறது.

கரைப்பான் பற்றி ஓர் எச்சரிக்கை. அடியில் இருப்பது அக்ரிலிக் என்றால் மேலே எனாமல் அல்லது ஆயில் வண்ணம் போடுவது நல்லது. அக்ரிலிக் நன்றாகக் காய்ந்துவிட்டால், எனாமலைக் கரைக்கும் டர்பன்டைன் அதைத் தொந்தரவு செய்யாது. பிடிக்கவில்லையென்றால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். தின்னரும் அசிட்டோனும் பக்கத்தில் வரக் கூடாது, பிளாஸ்டிக்கையே உருக்கிவிடும்.

கடின நீரின் வெள்ளைக் கோடுகளும் வழிகிற வகைதான். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஒட்டுகிற அதே சுண்ணாம்பு. பாய்லரில் எங்கே தண்ணீரோ நீராவியோ கசிகிறதோ அங்கிருந்துதான் அது கிளம்பும்: சேஃப்டி வால்வைச் சுற்றி, பாய்லரைக் கழுவத் திறக்கும் அடைப்பான்களுக்குக் கீழே. வேறெங்கும் வெள்ளைக் கோடு இழுத்தால், குழாய் இல்லாத சுவரில் உப்புக் கறை வந்ததைப் போல் ஆகும். நீராவி தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும்.

படிவது, பொடி வேலை. வெதரிங் பவுடர் என்று விற்கும் நிறப்பொடியைத் தூரிகையில் தொட்டுப் புகைபோக்கிக்குப் பின்னால், பாய்லரின் முதுகில், ஓட்டுநர் அறையின் கூரையில் கறுப்பாகத் தட்டுவேன். பாய்லருக்கு முன்னால் இருக்கும் புகைப்பெட்டிக் கதவின் கீழ்ப்பாதியில் சாம்பல் நிறம். உள்ளே சேரும் சாம்பலை வாரிக் கொட்டும்போது சிந்துவது அங்கேதான். நிலக்கரி எரியாத இன்ஜினுக்கு இந்தச் சாம்பல் கிடையாது. பொன்மலைப் பணிமனையில் கட்டிய, எண்ணெயில் எரியும் நீலகிரி மலை ரயில் இன்ஜின்களை யாராவது மாடலாகச் செய்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சக்கரங்களிலும் அடிச்சட்டத்திலும் பிரேக் கட்டை தேய்ந்த இரும்புத் துகளின் பழுப்பு. சக்கரத்தைச் சுழலவிட்டு அடித்தால்தான் ஆரங்களுக்குப் பின்னால் நிறம் படாத இடைவெளி விழாது. தண்டவாளத்தைத் தொடும் விளிம்பை உடனே துடைத்துவிட வேண்டும், மாடலுக்கு மின்சாரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. சக்கரங்களை இணைக்கும் தண்டுகளில் மட்டும் பொடி கூடாது. அங்கே எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அது ஜன்னல் கம்பியின் பிசுக்கு: கறுப்பு, கொஞ்சம் பழுப்பு, ஈரமான மினுமினுப்பு. உடம்பெல்லாம் மங்கலாக இருக்க, இந்த ஓர் இடம் மினுங்கும்போதுதான் இன்ஜினுக்கு உயிர் வருகிறது.

பொடிக்கு மேல் வார்னிஷ் அடித்தால் பாதி காணாமல் போகும். இட்லிப் பொடியில் நல்லெண்ணெய் விட்டதும் வெளிறிய பொடி கருத்து அடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். துகள்களுக்கு நடுவே இருந்த காற்றைத் திரவம் நிரப்புகிறது. ஒளி சிதறுவது குறைந்து நிறம் அடர்ந்துவிடுகிறது. அதனால் வேண்டியதைவிடக் கூடுதலாகப் பொடி போட்டு, மெல்லிய வார்னிஷ் அடித்து, மேலே இன்னொரு கை தூவுவேன்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. 9எஃபுக்குப் பின்னால் கோக்கிறேனே, அந்த 16 டன் நிலக்கரி வேகன்களுக்கு அது வேண்டும். எஃகுப் பெட்டி, சாம்பல் நிறம், எந்த முனைக் கதவு திறக்கும் என்று காட்டப் பக்கவாட்டில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. ஈர நிலக்கரியில் இருக்கும் கந்தகம் அமிலமாகி உள்ளிருந்து தகட்டைத் தின்றது. கரியை வாரும் இயந்திரக் கை இடித்து இடித்துப் பக்கங்கள் வெளியே பிதுங்கின. பிதுங்கிய இடத்தில் வண்ணம் விரிந்து உரிந்தது. ஓட்டை விழுந்த இடத்தில் புதுத் தகடு வைத்துத் தைத்தார்கள். ஒரே வேகனில் மூன்று வயது.

இதற்கான பொருள் சமையலறையிலேயே இருக்கிறது: உப்பு. முதலில் வேகனைத் துரு நிறத்தில் அடித்துவிட வேண்டும். துரு ஒரே நிறமில்லை. கழுவி ஈரத்தோடு வைத்த தோசைக்கல்லில் காலையில் பூத்திருப்பது மிளகாய்ப்பொடி நிறம். பரணில் கிடக்கும் பழைய இரும்புச் சட்டியில் இருப்பது புளிக் கரைசலின் அடர் பழுப்பு. அடியில் பழுப்பு, மேலே திட்டுத் திட்டாக ஆரஞ்சு. அது நன்றாகக் காய்ந்ததும் வண்ணம் உரிய வேண்டிய இடங்களில் தண்ணீர் தொட்டு உப்பைத் தூவிக் காயவிட வேண்டும். பிறகு உப்பு கரையாதபடி மெல்லிய மேல்பூச்சாகச் சாம்பல் வண்ணம். கடைசியாக ஈரத் தூரிகையால் தேய்த்தால் உப்பு உதிரும். அது மறைத்திருந்த இடத்தில் துரு எட்டிப் பார்க்கும்.

எந்த உப்பு என்பதில்தான் வேலையின் தரம் இருக்கிறது. தூள் உப்பின் ஒரு கல் 0.3 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 76 மடங்கில் அது இரண்டே கால் செ.மீ. அளவுள்ள உரிவு. 2 மி.மீ. கல் உப்பு 15 செ.மீ. திட்டு. கல் உப்பை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டி எல்லா அளவும் கலந்து தூவினால், உண்மையான வேகனில் எப்படிப் பெரிய திட்டைச் சுற்றிச் சின்னப் புள்ளிகள் இருக்குமோ அப்படியே வரும். பிறகு நல்ல தண்ணீரில் நன்றாக அலச வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் வெள்ளையாகப் பூக்கும். அடுக்களையிலிருந்து எடுத்துப் பயன்படுத்தலாம் என்றால் அது உப்பு மட்டுமே. மிளகாய்ப்பொடியையும் மஞ்சளையும் மாடலில் தூவ நினைக்காதீர்கள். பூஞ்சையும் பூச்சியும் வரும், நிறமும் நிற்காது.

இனி கேமரா. வேகனின் அழகை அது கூட்டும், பொய்யையும் காட்டிக்கொடுக்கும்.

பெரும்பாலான மாடல் படங்கள் கெடுவது உயரத்தில். நின்றபடி குனிந்து எடுத்தால், உண்மையில் அது ஒரு ஹெலிகாப்டர் பார்வை. தண்டவாளத்தருகே நிற்கும் மனிதரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். 76இல் ஒரு பங்கு 2.1 செ.மீ. கேமரா லென்ஸின் நடுப்புள்ளி மாடல் நிற்கும் பலகையிலிருந்து இரண்டு செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். பெரிய கேமராவை வைத்து அது நடக்காது, லென்ஸின் பாதி விட்டமே அதைவிட அதிகம். கைப்பேசியைத் தலைகீழாக நிறுத்தினால் அதன் லென்ஸ் பலகையை ஒட்டி வந்துவிடும். இதற்குக் கைப்பேசியே மேலானது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

வெளிச்சம் ஒன்றாக இருக்க வேண்டும். வானத்தில் ஒரு சூரியன்தான். சமையலறை ட்யூப்லைட்டும் ஜன்னலும் சேர்ந்தால் இன்ஜினுக்கு இரண்டு நிழல் விழும். மனம் உடனே 'மேஜை மேல் பொம்மை' என்று சொல்லிவிடும். ஒரே விளக்கைத் தள்ளி வைத்தால் நிழலின் விளிம்பு கூர்மையாகும். இங்கிலாந்தின் மேகமூட்டம் வேண்டுமானால் விளக்குக்கு முன்னால் அகலமாக ஒரு பட்டர் பேப்பர். பொடி போட்ட மங்கலான பரப்புக்கு இந்த வெளிச்சம்தான் பொருந்துகிறது. விளக்கின் மஞ்சளைக் கேமராவில் சரிசெய்துவிடுங்கள், இல்லையென்றால் சாம்பல் வேகன் மஞ்சள் பூசிக் குளித்தது போலிருக்கும்.

அடுத்தது கூர்மை. இவ்வளவு கிட்டத்தில் இன்ஜினின் முன்னால் இருக்கும் பஃபர் தெளிவாக இருந்தால் பின்னால் இருக்கும் டெண்டர் மங்கும். பெரிய கேமராவில் லென்ஸின் துளையைச் சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் எஃப்/22வரை சுருக்கினால், குழாய் வாயை விரலால் அடைத்ததும் தண்ணீர் விசிறியடிப்பதைப் போல ஒளியும் விரிந்து பரவி, படம் முழுவதுமே கொஞ்சம் மழுங்கிவிடும். அதனால் கைப்பேசியை அசைக்காமல், கூர்மைப்புள்ளியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிப் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுப்பேன். ஒவ்வொன்றும் இன்ஜினின் ஒரு சீவல். வாழைக்காயைச் சீவி மறுபடி அடுக்கினால் முழுக்காயாகத் தெரிவதைப் போல, மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் தெளிவான பகுதியை மட்டும் எடுத்து ஒன்றாக்கித் தரும்.

அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் கடைசிச் சோதனை. போன வாரம் ஒரு வேகனை அப்படிப் பார்த்தேன். துரு நன்றாக இருந்தது. தைத்த தகடு நன்றாக இருந்தது. ஆனால் மேல் விளிம்பில் துணியிலிருந்து வந்த ஒரு நூலிழை, 5 மி.மீ.தான் இருக்கும், வேகனின் அளவில் கிட்டத்தட்ட முழ நீளக் கயிறாகத் தொங்கியது. முனைக் கதவின் கீழே நான் இழுத்திருந்த ஒரு துருக் கோட்டுக்கு மேலே கசியவோ உரியவோ ஒன்றுமே இல்லை. நூலை ஊதிவிட்டேன். டர்பன்டைன் தொட்ட தூரிகையால் அந்தக் கோட்டை எடுத்துவிட்டு, விளக்கைப் போட்டு, கைப்பேசியை மறுபடி தலைகீழாக நிறுத்தினேன்.