அறுவை சிகிச்சையில் பாதிப்பு: மருத்துவரின் சட்டப் பொறுப்பு எதுவரை? எல்லைப் பகுதியினர் எங்கே முறையிடலாம்?

பாலக்காடு: பாலக்காட்டில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் 2022 ஜூலையில் பிரசவத்துக்குச் சேர்க்கப்பட்ட இளம்பெண்ணும் அவரது குழந்தையும் அடுத்தடுத்து உயிரிழந்தனர். சிகிச்சையில் அலட்சியம் நிகழ்ந்ததாகக் குடும்பத்தினர் புகார் அளித்தனர். எனினும் மருத்துவர்கள் மூவர் கைது செய்யப்பட்டது அக்டோபரில், மருத்துவக் குழுவின் அறிக்கை வந்த பின்னரே. பின்னர் அவர்கள் ஜாமீனில் விடுவிக்கப்பட்டனர்.

இத்தகைய காத்திருப்புக்குச் சட்ட அடிப்படை உண்டு. ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-இல் அளித்த தீர்ப்பின்படி, அத்துறை சார்ந்த, சார்பற்ற மருத்துவரின் கருத்தைப் பெற்ற பின்னரே காவல்துறை மேல்நடவடிக்கை எடுக்க வேண்டும். சிகிச்சை பலனளிக்கவில்லை என்பது மட்டும் குற்றமாகாது. சராசரித் திறனுள்ள மருத்துவர் எவரும் செய்யத் துணியாத அளவுக்குக் கடும் அலட்சியம் இருந்தால்தான் சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. இழப்பீடு கோர அவ்வளவு தேவையில்லை. நியாயமாக எதிர்பார்க்கப்படும் கவனம் தவறியதை நிறுவினால் போதும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-ஆவது பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவிப்போருக்கு 5 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. சிகிச்சையின்போது நேர்ந்தால் பதிவு பெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டு வரை மட்டுமே. ஆனால் உயிருக்கு ஆபத்தான அலட்சியத்தால் கொடுங்காயம் ஏற்படுத்துவதற்கு 125-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை தண்டனை உண்டு. அதில் மருத்துவர்களுக்கெனத் தனிச் சலுகை ஏதுமில்லை. மரணத்தைவிடக் காயத்துக்கு அதிகத் தண்டனை என்பது விந்தையான முரண்.

கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் 2017-இல் சிசேரியன் செய்துகொண்ட பெண்ணின் வயிற்றில் ஃபோர்செப்ஸ் கருவி இருப்பது 2022-இல் தெரியவந்தது. அது எந்த அறுவை சிகிச்சையில் உள்ளே தங்கியது என்று உறுதிப்படுத்த இயலாது என மருத்துவக் குழு கூறியது. ஆயினும் மருத்துவர்கள் இருவர், செவிலியர்கள் இருவர் மீது போலீஸார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தனர். ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963-இல் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண், வயிற்றில் விடப்பட்ட துணியால் இறந்த வழக்கில், பொருள் உள்ளே கிடந்ததே அலட்சியத்துக்குச் சான்று என்றும், அரசே பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது.

காலக்கெடு முக்கியமானது. நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். 1993-இல் வயிற்றில் விடப்பட்ட துணி 2002-இல்தான் கண்டறியப்பட்டதாகக் கோவா செவிலியர் ஒருவர் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2010-இல் தள்ளுபடி செய்தது. வலி தொடர்ந்தும் அதே மருத்துவரை அவர் அணுகவில்லை என்பதே காரணம்.

தேவிகுளம், பீர்மேடு தோட்டத் தொழிலாளர்கள் சிகிச்சைக்குத் தேனி, மதுரைக்குச் செல்கின்றனர். சிற்றூர், கொழிஞ்சாம்பாறை மக்கள் கோவைக்குச் செல்கின்றனர். பாதிப்பு தமிழகத்தில் நேர்ந்தாலும் புகாருக்காக அங்கே அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே, அதாவது இடுக்கி அல்லது பாலக்காடு மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாவிட்டால் கட்டணமில்லை; வழக்கறிஞர் கட்டாயமில்லை. அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் மட்டும் இதற்குள் வாரா. அவற்றின் மீது சிவில் நீதிமன்றத்தை நாடலாம்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணமும் தவறு. பரிசோதனைக்கு மட்டும் ஒப்புதல் தந்த பெண்ணின் கருப்பையை, அவர் மயக்கத்தில் இருந்தபோது வெளியே காத்திருந்த தாயிடம் கேட்டு அகற்றியது செல்லாது என உச்ச நீதிமன்றம் 2008-இல் கூறியது. சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழிகள் ஆகியன நோயாளிக்குப் புரிய வேண்டும். மலையாளப் படிவத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் தமிழில் விளக்கம் கேட்ட பின்னரே கையெழுத்திடலாம்.

சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. உள்நோயாளி ஆவணங்களை மருத்துவமனை 3 ஆண்டுகள் பாதுகாத்தால் போதும் என்பதால், நகல்களை வீடு திரும்பிய உடனே எழுத்துமூலம் கேட்டுப் பெறுவது நல்லது.