முறுக்குக் குலையாத கறுப்புப் பட்டி

கராத்தே, யூடோ முதலிய ஜப்பானியப் போர்க்கலைகளைப் பயில்வோர் இடையிற் கட்டும் பட்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் நினைக்கக்கூடும். கடையிலிருந்து வந்த புதுப் பட்டியை ஒருமுறை கட்டிப் பார்த்தவர் அவ்வாறு நினையார். கஞ்சி முறுக்குக் குலையாத கோடி வேட்டியைப் போல அது உடலோடு ஒட்ட மறுக்கும். முடிச்சின் இரு முனைகளும் கீழே தொங்காமல் பக்கத்துக்கு ஒன்றாக விறைத்து நிற்கும். நான்கு முறை கையை வீசி, இரண்டு முறை காலை உயர்த்தினால் முடிச்சு நெகிழ்ந்து, பட்டி தரையில் விழும்.

பட்டியின் அமைப்பே இதற்குக் காரணம். பல மடிப்புப் பருத்தித் துணியை உள்ளே வைத்து, மேலே பருத்தியினாலோ சாட்டினாலோ உறையிட்டு, நீளவாக்கில் எட்டுப் பத்து வரி நெருக்கமாகத் தைத்துவிடுகிறார்கள். ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் அகலமுள்ள அத்துணி மெல்லிய பலகையின் தன்மையை அடைந்துவிடுகிறது. முடிச்சை நிறுத்துவது உராய்வு. துணி நன்கு மடிந்து ஒன்றையொன்று இறுகப் பற்றினாலன்றோ உராய்வு உண்டாகும்?

என்னிடம் மாலை வேளையிற் பயிலும் மாணவன் ஒருவன் ஏழாண்டுப் பயிற்சியின் பின் கறுப்புப் பட்டி பெற்றான். மறுவாரமே தயங்கித் தயங்கி வந்து, "சேர், இதை மணற்கடதாசியால் கொஞ்சம் தேய்க்கட்டுமா?" என்று கேட்டான். முறுக்குத் தளர்வதற்கு மணற்கடதாசி எதற்கு என்று வினவினேன். அவன் விடை கூறவில்லை. என் இடையைப் பார்த்தான். என் பட்டியின் கறுப்புறை பல இடங்களில் தேய்ந்து, உள்ளிருக்கும் வெண்டுணி வெளியே தெரிகிறது. பயிற்சிக்கூடங்களில் அத்தகைய பட்டிக்கு ஒரு மதிப்பு உண்டு. அம்மதிப்பை விரைந்து பெற விரும்பிக் கத்தியால் ஓரத்தைச் சுரண்டுவோரும் உளர். பட்டியைத் தளர்த்துவது வேறு, அதற்குப் பொய்வயது ஏற்றுவது வேறு என்று அவனுக்குச் சொன்னேன். கடதாசியைக் கைவிட்டான், மனம் ஒப்பிக் கைவிட்டானா என்பது வேறு விடயம்.

தளர்த்தும் முறை எளிது. ஒரு முனையை ஒருவர் பிடித்துக்கொள்ள, மறு முனையை மற்றவர் கயிறு திரிப்பதுபோல் முறுக்க வேண்டும்; பின்னர் எதிர்ப்புறமாகவும் முறுக்க வேண்டும். ஒருபுறமாகவே முறுக்கினால் பட்டி கோணிக்கொள்ளும். அடுத்து, நான்கு விரல் அகலத்துக்கு விசிறிபோல் மடித்து அழுத்தி, மடிப்பு விழுந்த இடங்களை மாற்றி மீண்டும் மடிக்கலாம். யன்னற் கம்பியிலே சுற்றி, இரு முனைகளையும் மாறி மாறி இழுப்பாரும் உண்டு. பருத்தி உறை அதைத் தாங்கும். சாட்டின் உறைக்கு ஆகாது, பளபளப்புக் கெட்டு நூல் பிரியும். எல்லாவற்றினும் சிறந்தது கட்டுவதும் அவிழ்ப்பதுமே. வானொலியிற் செய்தி கேட்கும் நேரத்தில் இருபது முப்பது முறை கட்டி அவிழ்த்தால் பட்டியும் பழகும், கையும் பழகும்.

பருத்திப் பட்டியைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் துணியிலுள்ள பசை கரைந்து விறைப்புக் குறையும். ஆனால் பருத்தி சுருங்கும் இயல்பினது; வெந்நீரில் மேலும் சுருங்கும். யூடோப் போட்டி விதிப்படி முடிச்சிலிருந்து தொங்கும் முனை 20 முதல் 30 சென்ரிமீற்றர் வரை இருத்தல் வேண்டும். ஆகவே மட்டுமட்டான நீளமுள்ள பட்டியை நனைக்குமுன் சிந்திப்பது நன்று. வெள்ளை உடையோடு சேர்த்து ஊறவைத்தால் உடைக்கும் சாயம் ஏறும். உப்பிட்டால் சாயம் நிலைக்கும் என்பது வீட்டு நம்பிக்கை. ஆலையில் ஊன்றாத சாயத்தை அடுக்களை உப்பு ஊன்றிவிடாது.

இங்கே ஒரு மறுப்புரை எழும். பட்டியைக் கழுவலாமா? கழுவினால் பயிற்சியின் வலு நீங்கிவிடும் என்பர் சிலர். முற்காலத்தில் வெள்ளைப் பட்டியே ஆண்டுக்கணக்கில் வியர்வையும் மண்ணும் ஏறிக் கறுப்பாயிற்று என்று ஒரு கதையும் சொல்வர். கேட்க இனிய கதை, உண்மையன்று.

யூடோவை வகுத்த கானோ ஜிகோரோ நம்மில் பலரைப் போல ஓர் ஆசிரியர். தோக்கியோவில் ஆசிரியர்களைப் பயிற்றும் உயர் கலாசாலையின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். 1882 இல் கொடோகன் என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவினார். 'கோ' என்னும் பலகை ஆட்டத்தில் முன்னரே வழங்கிய 'டான்' படிமுறையைத் தழுவி, 1883 இல் மாணாக்கர் இருவருக்கு முதற்படி அளித்தார். அப்படியினர் கறுப்புப் பட்டி கட்டும் வழக்கம் 1886 அளவில் தோன்றியது. கராத்தேயில் புனாகோஷி கிச்சின் 1924 இல் முதன்முதலாகக் கறுப்புப் பட்டி வழங்கியதும் அவ்வழியைப் பின்பற்றியே. கறுப்பு, தொடக்கத்திலேயே சாயத்தொட்டியிலிருந்து வந்தது. அழுக்கேறிய வெண்டுணி பழுப்பாகும், சாம்பல் நிறமாகும். கறுப்பாகாது என்பதைத் துணி துவைத்தவர் எவரும் அறிவர்.

கழுவாமைக்கு விலையும் உண்டு. 2000 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் ஜப்பானிய யூடோ மாணாக்கரிடையே படர்தாமரை பரவியது. உடலோடு உடல் உராய்வதே முதற்காரணமாயினும், வியர்வை ஊறிய உடையை அப்படியே மீண்டும் அணிவது நோய்க்கு இடங்கொடுப்பதாகும்.

ஆகவே பருத்திப் பட்டியைத் தனியாக, சிறிது சவர்க்காரமிட்டுக் கையாற் கழுவுக. ஈரமாயிருக்கும்போது முறுக்கிப் பிழிந்தால் உள்மடிப்புகள் இடம்பெயரும். துவாயிற் சுருட்டி அழுத்தினாற் போதும். சாட்டின் பட்டியை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பொன்னூலாற் பெயர் பொறித்த இடத்தில் தூரிகை படலாகாது. பின்னர் நிழலில் உலர்த்த வேண்டும். பயிற்சி முடிந்ததும் பைக்குள் திணித்த ஈரப்பட்டி மழைக்காலத்தில் சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். எங்கள் வீட்டில் பட்டிக்கென்றே விறாந்தையில் ஒரு கொடி உண்டு. மார்கழி மழையில் அதை அவிழ்த்து, அடுப்புப் புகை எட்டாத தூரம் பார்த்து, அடுக்களைப் பக்கம் கட்டிவிடுவோம்.