மிதவை சுவிட்ச் ஏன் பொய் சொல்லுது?

தொட்டி நிரம்பி வழியுது, மோட்டார் நிக்கல. இல்லன்னா தொட்டி காலி, ஆனா ‘நிரம்பிடுச்சு’ன்னு விளக்கு எரியுது. ஆட்டோ ஸ்டார்ட்டரோடு மிதவை சுவிட்ச் வைத்திருக்கும் உழவர்கள் மழைக்காலத்தில் அடிக்கடி படும் பாடு இது. முதலில் சுவிட்சை மாற்றுவோம், அப்புறம் கட்டுப்பாட்டு பலகையையே மாற்றுவோம். பல நேரம் பழுது இரண்டிலும் இருக்காது. சுவிட்ச் வழியே ஓடும் கரண்ட் போதாமல் இருக்கும். அல்லது ‘மூடியிருக்கு, திறந்திருக்கு’ என்று பலகை முடிவெடுக்கும் வோல்ட் எல்லை நம் தோட்டத்துக்குப் பொருந்தாமல் இருக்கும்.

மணிமங்கலம் பக்கம் ஒருபுறம் ஏரிப்பாசனம், மறுபுறம் கார் தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லும், ஒரகடத்தில் ரெனோ–நிஸான் 2010-லும் உற்பத்தியைத் தொடங்கின. காரிலும் கதவு, பிரேக், வைப்பர் என்று ஏகப்பட்ட சுவிட்சுகள். மழையும் சேறும் அவற்றையும் விடுவதில்லை. கார் மின்னணுவியல் இதற்குக் கண்ட வழி நம் பம்ப்செட்டுக்கும் பொருந்தும்.

முதல் பொய்: மூடிய சுவிட்ச் திறந்ததாகத் தெரிவது

சுவிட்சுக்குள் தொட்டுக்கொள்ளும் முனைகள் பெரும்பாலும் வெள்ளிக் கலவை. வெள்ளிக் கொலுசு கறுப்பதைப் பார்த்திருப்பீங்க. காற்றில் உள்ள கந்தக வாயுதான் காரணம். இயற்கை விவசாயத் தோட்டத்தில் மாட்டுக்கொட்டகை, சாண எரிவாயு கலன், கரைசல் தொட்டி எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அங்கிருந்துதான் வருது. மூடி சரியில்லாத சுவிட்சில் முனைகள் மேல் மெல்லிய கறுப்புப் படலம் படியும்.

அந்தப் படலத்தை உடைத்துக்கொண்டு போக ஓரளவு கரண்ட் வேணும். இதைத்தான் ‘வெட்டிங் கரண்ட்’ என்கிறார்கள். பேர்தான் ஈரம், தண்ணீருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. மோட்டாரின் கான்டாக்டரை நேரடியாக இயக்கும் சுவிட்சில் முனைகள் தானாகவே சுத்தமாகும். ஆனா புது மின்னணு பலகைகள் சில, சுவிட்ச் வழியே 0.1, 0.2 மில்லி ஆம்பியர்தான் அனுப்பும். 10 ஆம்பியர் தாங்கும் சுவிட்சுக்கு அது எறும்பு கடிச்ச மாதிரி. படலம் அப்படியே தங்கிடும். கார்களில் இதற்கென உள்ள சில்லுகளில் 1 முதல் 15 மில்லி ஆம்பியர் வரை தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டாவது பொய்: திறந்த சுவிட்ச் மூடியதாகத் தெரிவது

ஐப்பசி, கார்த்திகையில் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும். சுவிட்ச் திறந்திருந்தாலும் ஈரம் வழியே கொஞ்சம் கரண்ட் கசியும். கணக்கைப் பாருங்க. 12 வோல்ட் பலகை. உள்ளே 47,000 ஓம் மின்தடை. ஈரக் கசிவு 20,000 ஓம் என்று வைப்போம். பலகை பார்க்கும் அளவு சுமார் 3.6 வோல்ட். 4 வோல்ட்டுக்குக் கீழே போனால் ‘மூடியது’ என்று எல்லை வைத்திருந்தால், பலகை ஏமாந்துபோகும். மோட்டார் நிக்காது.

47,000-க்குப் பதில் 1,200 ஓம் போடுங்க. அதே கசிவில் 11.3 வோல்ட் வரும். ‘திறந்தது’ என்று சரியாகத் தெரியும். சுவிட்ச் மூடும்போது 10 மில்லி ஆம்பியர் ஓடும். முனையில் அழுக்கால் 300 ஓம் தடை இருந்தாலும் 2.4 வோல்ட்தான், ‘மூடியது’ என்றே தெரியும். ஒரே மாற்றத்தில் இரண்டு பொய்யும் அடங்கிடுது. மின்தடையில் 0.12 வாட்தான் சூடாகும், கால் வாட் மின்தடை போதும்.

எல்லை ஒன்றல்ல, இரண்டு

தொழிற்சாலைகளின் 24 வோல்ட் கட்டுப்பாட்டுக் கருவிகளில் ஒரு பொதுவான வகையில் 5 வோல்ட்டுக்குக் கீழே ‘இல்லை’, 15-க்கு மேலே ‘உண்டு’. நடுவில் இருக்கும் இடைவெளிதான் சத்தத்தையும் கசிவையும் தாங்குது. நம் பலகையிலும் அப்படித்தான் வைக்கணும். 12 வோல்ட்டில் 4-க்குக் கீழே மூடியது, 6-க்கு மேலே திறந்தது. இடையில் இருந்தால் பழைய நிலையே தொடரட்டும். அதோடு 2, 3 விநாடி தாமதமும் வேணும். இல்லன்னா தொட்டியில் அலையடிக்கும்போது மோட்டார் துடித்துத் துடித்து ஓடும்.

சோலாரில் ஓடும் பலகைக்கு எப்போதும் 10 மில்லி ஆம்பியர் வீண்செலவு. சில கார் சில்லுகள் சுவிட்ச் மூடியதும் 20 மில்லி விநாடி மட்டும் அதிகக் கரண்ட் கொடுத்து, பிறகு 2 மில்லி ஆம்பியருக்குக் குறைத்துக்கொள்ளும். பலகை செய்து தருபவரிடம் இதைக் கேட்டு வாங்கலாம்.

செய்யும்முன் கவனிக்க

மூன்று ஃபேஸ் மின்சாரத்தை முதலில் நிறுத்துங்க. பெட்டியைத் திறப்பது எலக்ட்ரீஷியன் வேலை. சுவிட்ச் லைன் 12 அல்லது 24 வோல்ட் டிசிதானா என்று அவர் சோதித்த பிறகு, குறைந்த வோல்ட் பகுதிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து அளக்கலாம்.

சுவிட்ச் திறந்திருக்கையில், அந்த இரு முனைகளிலும் மல்டிமீட்டரை மில்லி ஆம்பியர் நிலையில் வைத்தால் வெட்டிங் கரண்ட் தெரியும். 1 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் மேலே சொன்னபடி மாற்றலாம். ஆனா 5 வோல்ட் பலகையின் உள்ளீட்டில் 12 வோல்ட் கொடுக்கக் கூடாது, எரிந்துபோகும். அங்கே 5 வோல்ட்டுக்கே 1,000 ஓம் போட்டால் 5 மில்லி ஆம்பியர் கிடைக்கும்.

கிணற்றுத் தண்ணீரில் தொங்கும் கம்பி சென்சாருக்கு இந்த வைத்தியம் ஆகாது. அதில் டிசி கரண்டைக் கூட்டினால் கம்பியே கரைந்துபோகும்.

சுவிட்ச் வயரை மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில் விடாதீங்க. தொட்டி நிரம்பும்போது சுவிட்ச் திறக்கிற மாதிரி இணைப்பு கொடுங்க. அப்போ எலி வயரைக் கடித்து அறுத்தாலும் மோட்டார் நின்றுவிடும். தண்ணீரும் மோட்டாரும் வீணாகாது. மழை தொடங்கும் முன் ஒருமுறையும், நல்ல மழை நாளில் ஒருமுறையும் சுவிட்ச் திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் வோல்ட்டை அளந்து பெட்டி மூடியிலேயே எழுதி வையுங்க. அடுத்த வருஷம் எண் மாறியிருந்தால், தொட்டி வழிவதற்கு முன்பே பழுது தெரிந்துவிடும்.